மாப்பிள்ளை சார்ஜ் போட்டுவிட்டார்

எண்ணூர்,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை முபாஷிர் அவர்களுக்கு, மாமனார் பக்ருதீன் ஸலாம் கூறி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியார் ஜெரினாவும் இருமலைத் தவிர மற்றபடி சுகம். அண்ணா நகரில் நீங்களும் ரிஃபானாவும் பேத்தி நவ்ரீனும் இருமல்கூட இல்லாமல் சுகமாயிருக்க துஆ செய்கிறோம். போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேன் மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் உங்கள் மின்சாரக் கார். அதை நீங்கள் வாங்கிய அன்று தப்பு செய்தவன் நான்தான். பாத்திஹா ஓதி, தெரு முழுக்கச் சர்க்கரை பங்கிட்டு, "எங்க மாப்பிள்ளை கார்ல புகையே வராது, பின்னாடி குழாயே கிடையாது" என்று பீற்றிக்கொண்டேன். எதிர்வீட்டில் கருவாடு காயவைக்கும் பச்சையம்மா சர்க்கரையை வாயில் போட்டபடி, "அப்போ அது இன்னாத்த குடிக்குது பாய்?" என்றாள். கரண்ட் என்றேன். "கரண்ட் எங்கேர்ந்து வருது?" என்றாள். அனல்மின் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் நிலக்கரி பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றவன் நான், எனக்குப் பதில் தெரியாதா? அந்த நிலையத்தின் சிம்னியைப் பார்த்தேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

அன்றோடு என் நிம்மதி போயிற்று. கருவாட்டில் சாம்பல் படிந்தால் பச்சையம்மா தட்டோடு வந்து, "உன் மாப்பிள்ளை சார்ஜ் போட்டுட்டாரு பாய், எப்டி கீது பாரு" என்கிறாள். டீக்கடைக் கோதண்டம், "சிம்னி பேஜாரா பொகையுதே, மாப்பிள்ளை மகாபலிபுரம் போறாரா?" என்கிறான். ஊர் முழுக்க ஃபேனும் ஏசியும் இதே கரண்டில்தான் ஓடுகிறது, காற்றாலையிலிருந்தும் வெயிலிலிருந்தும்கூடக் கொஞ்சம் வருகிறது என்று எடுத்துச் சொன்னேன். "நம்ம தெருவுக்கு சாம்பல்தானே வருது" என்றான். பேட்டரி செய்ய எங்கேயோ பூமியைத் தோண்டுகிறார்களாம், அதையும் பேப்பரில் படித்துவிட்டான். "அந்தப் பேட்டரி செத்துப்போனா எங்க பாய் கொட்டுவாங்க?" என்று கேட்டான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் ஒரே குரலில் "இங்கதான்" என்றார்கள்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்வேன் மாப்பிள்ளை. போன ஞாயிற்றுக்கிழமைதான் தாங்கவில்லை. நவ்ரீனுக்கு மூச்சிரைப்பு, தூசி ஆகாது என்று டாக்டர் சொன்னது சரி. அதற்காக வாசல்வரை வந்த காரின் கண்ணாடியைக்கூட இறக்காமல், ரிஃபானா உள்ளிருந்தே "அத்தா, சாம்பல்!" என்று சைகை காட்ட, நீங்கள் சார்ஜ் குறைகிறது என்று பத்தே நிமிஷத்தில் திருப்பிக்கொண்டு போய்விட்டீர்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் கண்ணாடியில் சாம்பல் படிந்துவிட்டது. உங்கள் மாமியாரின் பழைய புடவையால் அழுத்தித் துடைத்தேன், கீறல் விழுந்துவிட்டது. உங்கள் முகம் சுண்டியதைப் பார்த்தேன். காரைச் சுத்தம் செய்யத் துடைக்கவில்லை மாப்பிள்ளை. உள்ளே குழந்தையின் முகம் தெரியவில்லை, அதனால் துடைத்தேன். ஆறு மாதமாகிறது அவளைத் தூக்கி.

யோசித்துப் பார்த்தேன். உங்கள் மேல் தப்பில்லை. குழந்தையின் நெஞ்சுக்காகத்தான் புகையில்லாத கார் வாங்கினீர்கள். அந்தப் புகை அவள் போகும் வழியில் இல்லை, அவள் வரவேண்டிய வீட்டில் இருக்கிறது. ஆகவே இனி நீங்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். முடிந்தால் நாங்கள் பஸ் ஏறி வருகிறோம், முடியாவிட்டால் வீடியோவில் பார்த்துக்கொள்கிறோம். இது என் முடிவான முடிவு.

ரிஃபானாவுக்கு எங்கள் அன்பு. நவ்ரீனுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளையும் நல்ல மூச்சையும் தரட்டும்.

இப்படிக்கு,
பக்ருதீன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் நல்ல மழை. சாம்பல் அடங்கிவிட்டது, ஜெரினா ஜன்னல்களை எல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். மேலே எழுதியதை மறந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிடுங்கள். சார்ஜைப் பற்றிக் கவலை வேண்டாம், வாசலில் பிளக் பாயிண்ட் போட்டாகிவிட்டது. புகை எப்படியும் இங்கேதான் வரப்போகிறது, பிள்ளையும் வரட்டும். முழு சார்ஜ் ஏற எட்டு மணி நேரமாகும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். சீக்கிரம் ஏற்றும் கருவி ஏதாவது உங்களிடம் இருந்தால், தயவுசெய்து கொண்டுவர வேண்டாம்.