ஆல்பியன் மண்டபத்தின் மாறாத பாரம்பரியம்

வரலாறு இல்லாத கட்டடம் உலகில் உண்டு. வரலாற்றுக் குழுத் தலைவர் இல்லாத கட்டடம் ஈப்போவில் கிடையாது. அந்த வகையில் ஆல்பியன் இசை மண்டபம் கொடுத்து வைத்தது. அதன் நூற்றாண்டைக் கொண்டாட, டத்தோ பட்டம் பெற்ற ஜெயபாலன் தலைமையில் ‘பாரம்பரிய மாண்பு காப்புக் குழு’ பதினொரு முறை கூடி, பதினொரு முறையும் நாசி லெமாக் சாப்பிட்டு, சிறப்பு மலர் வெளியிடுவதென ஏகமனதாகத் தீர்மானித்தது.

வரலாறு எழுதும் பொறுப்பு ஓய்வுபெற்ற ஆசிரியை கெர்ட்ரூட்டுக்கு வந்தது. மூன்று வருடம் அலைந்து நாற்பது பக்கம் எழுதினார். அவருக்கு முக்கியம் அதில் ஒரே வரிதான்: ‘1961இல் தெலுக் இந்தான் ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுப் பெண்கள், லூர்தம்மாள் தலைமையில், பின்வாசல் வழியாக அனுமதிக்கப்பட்டு இங்கே பாடினார்கள்.’ லூர்தம்மாள் அவருடைய அம்மா. பாடியதைச் சாகும்வரை சொன்னவர், அந்த வாசலைப் பற்றி ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

குழுவின் செயலாளர் விக்னேஸ்வரன் போன் செய்தார்.

“டீச்சர், வரலாறு பிரமாதம். ஆனா எடம் பத்தல லா. வாழ்த்துரையே நாப்பத்தேழு பக்கம் வந்திருச்சு.”

“மொத்தமே நாப்பத்தெட்டுதானேப்பா?”

“அதான் டீச்சர். மிச்சப் பக்கத்துல மசாலா விளம்பரம். அதுக்குக் கீழ ஒரு வரி போடலாம்.”

“அப்ப எங்கம்மா வரியப் போடு.”

“பின்வாசல்னு வருதே, டீச்சர். நெகட்டிவா இருக்கு. டத்தோவே ஒரு வரி சொல்லிட்டாரு.”

மலரில் அந்த ஒரு வரி கம்பீரமாக வந்தது: ‘இம்மண்டபத்துக்கு நெடிய வரலாறு உண்டு.’

வெளியீட்டு விழா ஞாயிறு காலை. கோபத்தோடுதான் கெர்ட்ரூட் போனார். முன்வாசலில் சிவப்புக் கம்பளம். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண், பெயர்ப் பட்டியலோடு வழிமறித்தாள்.

“ஆன்ட்டி, இது விஐபி வாசல். நீங்க லோரோங் சந்துப் பக்கம் சுத்தி, பின்னால வாங்க.”

“வரலாறு எழுதினது நான்தாம்மா.”

“சாரி ஆன்ட்டி. லிஸ்ட்ல உங்க பேரு இல்லியே.”

சாக்கடையைத் தாண்டி, சந்து வழியே சுற்றி, பின்வாசலில் தலை குனிந்து நுழைந்தார். அம்மாவும் இங்கேதான் குனிந்திருப்பார். மேடையில் டத்தோ முழங்கிக்கொண்டிருந்தார்.

“இந்த மண்டபத்தோட பாரம்பரியத்த, ஒரு துளிகூட மாறாம அப்படியே காப்பாத்தியிருக்கோம்!”

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். பின்வாசலில் நின்றபடி கெர்ட்ரூட்டும் தட்டினார், உள்ளங்கை சிவக்கும் வரை. டத்தோ சொன்னதற்கு அங்கே சாட்சி அவர் ஒருவர்தான்.