கன்னியம்மா வீட்டு வாசலில் நின்ற ஜீப்

நல்லது செய்ய வருகிறவரை நம்பலாம். நல்லது செய்யாமல் போகமாட்டேன் என்று ஜீப்பில் வருகிறவனைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். எழுபதுகளில் நான் அந்த இரண்டாவது ரகம்.

திருப்பதியில் ஒரு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் எனக்குச் சமூகப் பணியாளர் வேலை. சத்தியவேட்டுப் பக்கம் முகாம் போட்டால் ஜீப் ஊர்த் தலைவரான சர்பஞ்சு வீட்டு வாசலில்தான் நிற்கும். காலனி ஜனங்கள் அங்கே வரமாட்டார்கள். இதைக் கண்டுபிடித்தவன் நான்தான். (அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும் என்பது வேறு விஷயம்.) இனி ஜீப் காலனியில் நிற்கட்டும் என்று பேராசிரியரிடம் அரைமணி நேரம் பிரசங்கம் செய்து அனுமதி வாங்கினேன்.

காலனியில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கே கன்னியம்மா என்பவர் வீட்டு வாசலில் புளியமர நிழல் இருந்தது, நிறுத்திவிட்டேன். 'மனநோய் சிகிச்சைப் பிரிவு' என்று ஜீப்பின் இரண்டு பக்கமும் தெலுங்கில் எழுதியிருந்தது. எழுத்து சின்னதாக இருக்கிறதென்று சண்டை போட்டு, போன மாதம்தான் முழ நீளத்துக்குப் பெரிதாக்கியிருந்தேன்.

அன்றைக்குக் கன்னியம்மாவின் மகளைப் பெண் பார்க்கக் காளஹஸ்தியிலிருந்து வந்தார்கள். பஸ் இறங்கி மாட்டுவண்டி பிடித்து வந்த மாப்பிள்ளையின் அப்பா, ஒரு காலைக் கீழே வைத்தார். ஜீப்பைப் படித்தார், வீட்டைப் பார்த்தார், காலை மேலே இழுத்துக்கொண்டார். வண்டி திரும்பியது. நோயாளிகள் கூச்சப்பட்டுப் போகிறார்களே என்று நான் பின்னாலேயே ஓடி, வெட்கப்பட வேண்டாம், இது யாருக்கும் வரக்கூடியதுதான் என்று தைரியம் வேறு சொன்னேன். அட அறிவுகெட்டவனே!

உள்ளே அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். கன்னியம்மா ஜீப்பை ஒருமுறை சுற்றி வந்தார்.

"எங்க ஊட்டாண்ட மட்டும் நின்னா நாங்க பைத்தியக்காருங்க. எல்லா ஊட்டாண்டயும் நின்னா இது மருந்து வண்டி. ஊர் பூரா நிறுத்து சார். மொதல்ல காளஹஸ்தில, அவுங்க ஊட்டாண்ட."

நிறுத்தினேன். வேறு வழி? மாப்பிள்ளை வீட்டு வாசலில் அரை நாள் வெயிலில் கிடந்தோம். டிரைவர் என்னோடு பேச்சை விட்டுவிட்டார். தெருவே கூடியதும் மாப்பிள்ளையின் அப்பா பொறுக்கமாட்டாமல் வெளியே வந்து, ஜீப் நின்றால் வீட்டில் நோய் என்று அர்த்தமா, புத்தி வேண்டாமா என்று எல்லோரையும் திட்டினார்.

பின் சீட்டிலிருந்து கன்னியம்மா இறங்கினார். "அதத்தான் நானும் சொல்ல வந்தேன், சம்மந்தி."

கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வைக்கும்போது, பஸ்ஸில் வரச் சொன்னார்.

அதற்குப் பிறகு சர்பஞ்சு வீடு, கோயில், பாதிரியார் வீடு என்று வாரம் ஒரு வாசலில் ஜீப் நின்றது. காலனி ஜனங்களும் வந்தார்கள், சர்பஞ்சு வீட்டிலிருந்தும் வந்தார்கள். பேராசிரியர் என் யோசனையைப் பாராட்டினார். (யாருடையது என்று நான் சொல்லவில்லை.)

கதையை வீட்டில் சொன்னது என் தப்பு. என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, என் ஸ்கூட்டரை மூன்றாவது தெருவில் விட்டுவிட்டு வரச் சொன்னாள் என் மனைவி. அதில் ஒரு எழுத்துகூட எழுதவில்லையே என்றேன்.

"எழுத்து இல்லன்னா என்ன? ஓட்டிக்கினு வர்றது நீங்கதானே."