ஒன்பது மில்லிமீட்டர் தகராறு

பர்னி, டாஸ்மேனியா
மார்ச் 9

அன்புள்ள மெர்ல் அக்காவுக்கு,

தம்பி லிண்ட்சே வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும் என் வீட்டுக்காரி பெரிலும் சுகம். இன்வர்கார்கிலில் நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். என் வலது கண்ணும் சுகம், இடது கண்ணும் சுகம். இரண்டுக்கும் நடுவில்தான் சிக்கல்.

போன மாதம் என் கண்ணாடி உடைந்தது. இணையத்தில் புதிது வாங்கப் போனால், இரண்டு கண்மணிகளுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்கிறான். எனக்குப் பன்னிரண்டு வயதில் எழுதிக் கொடுத்த கண் சீட்டு ஒன்று பீரோவில் கிடந்தது. ஐம்பத்தாறு என்று போட்டிருந்தது. மண்டை எலும்பு எங்கே ஓடிப்போகும் என்று அதையே எழுதி அனுப்பினேன். வந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலைவலியோடு, சனிக்கிழமை புல்தரைப் பந்துருட்டும் போட்டிக்குப் போனேன். குறி வைக்கும் சின்ன வெள்ளைப் பந்து இரண்டாகத் தெரிந்தது. இடப்பக்கம் இருந்ததைப் பார்த்து உருட்டினேன். கிட்டே போய்ப் பார்த்தால் என் பந்து ரெண்டு முழம் தள்ளி நிற்கிறது. பக்கத்தில் எதிரணி ஆஸி பாஸ்கோ. முப்பது வருஷ சிநேகிதன்.

"ஏண்டா ஆஸி, வெள்ளைப் பந்தைக் காலால தள்ளிட்டியா?"

"யாருடா தள்ளினது? கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?"

"இங்க ரெண்டு பந்து இருந்துச்சு!"

"காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டானா இவன்?" என்று, கூட வந்திருந்த பெரிலிடம் எல்லார் முன்னாலும் கேட்டான், அக்கா! மட்டை இல்லாத விளையாட்டாகப் போனது அவன் அதிர்ஷ்டம்.

அதற்குப் பிறகு என்னைக் கண்டாலே எதிர்ச்சாரிக்குப் போய்விடுவான். எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரில்தான் என்னைக் கண் பார்க்கும் ஹெலன் வூவிடம் இழுத்துப் போனாள். ஹெலன் அளந்தாள். அறுபத்தைந்து!

"பன்னெண்டு வயசுல தலை வளர்ந்து முடியல சார். இருபது வயசு வரைக்கும் கண்ணு ரெண்டும் விலகிக்கிட்டே போகும். அப்புறம் அவ்வளவா மாறாது" என்றாள். சரியான அளவில் சோதனைக் கண்ணாடி மாட்டினாள். இரண்டு உருவமும் நெருங்கின, ஆனால் ஒட்டவில்லை.

"இது வேற விஷயம். கண்ணை நேரா பிடிச்சு வெச்சிருக்கிற நார் வயசானா தொய்ஞ்சுடும். உங்களுக்கு ஒரு கண்ணு லேசா விலகுது." வேறு கோளாறு இல்லை என்று பார்த்துவிட்டு, ஒளியைத் திருப்பிவிடும் ப்ரிசம் சில்லு ஒன்றைச் செருகினாள். இரண்டு ஹெலன் வூவும் மெல்ல நகர்ந்து ஒருத்தியானார்கள். கண்ணீரே வந்துவிட்டது எனக்கு.

அன்று முதல் கையில் ரூலரோடுதான் திரிகிறேன். பெரில் தூரத்து மரத்தைப் பார்த்தால் அறுபத்திரண்டு. என் மூக்கைப் பார்த்தால் ஐம்பத்தொன்பது! கிட்டே பார்க்கும்போது கண்கள் உள்ளே திரும்புமாம்.

"இந்த மூக்கை இத்தனை வருஷமா பார்த்ததுல, என் கண்ணு ஒட்டிப் போகாம இருந்ததே பெருசு" என்றாள்.

நேற்று ஆஸி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கதவைப் பாதிதான் திறந்தான்.

"இப்ப எத்தனை ஆஸி தெரியுது?"

"ஒருத்தன்தான்."

"உனக்கு அந்த ஒருத்தனே ஜாஸ்தி. உள்ள வந்து தொலை."

இனிமேல் கண் விஷயத்தில் தெரிந்தவர்கள் சொல்வதே வேதம், ரூலரைத் தொடமாட்டேன் என்று பெரிலுக்குச் சத்தியம் செய்துவிட்டேன். அத்தானுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம், உன் பார்வை நூறாண்டு நேராக இருக்கட்டும்.

உன் தம்பி,
லிண்ட்சே

பி.கு.: கண்ணாடி ஒன்று வாங்கினால் ஒன்று இனாமாம். உனக்கும் ஒன்று சொல்லிவிட்டேன். உன் கல்யாணப் போட்டோவில் அளந்ததில் கண்ணுக்குக் கண் நாலு மில்லிமீட்டர் வருகிறது. உன் தலை எத்தனை அகலம் என்று மட்டும் எழுது, மிச்சத்தை நான் பெருக்கிக்கொள்கிறேன். பெரிலிடம் மூச்சு விடாதே.