அம்மாவின் மொட்டையும் எல்லைக் கதவும்

மதிப்பிற்குரிய சிவகுமார் மாமாவுக்கு,

குணசுந்தரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நேற்றிலிருந்து ஓர் ஆள் கூடுதலாகவும் இருக்கிறோம். அங்கே உங்கள் நலம், அத்தையின் முழங்கால் நலம், களம்பூர் மில்லில் உங்கள் லாரிகளின் நலம் எல்லாவற்றையும் அறிய ஆவல்.

குழந்தை பிறந்ததை அக்கா வீட்டுக்காரர் போனில் சொல்லியிருப்பார். பிரசவத்துக்காக நானும் அம்மாவும் இந்த நாட்டுக்கு வந்த வழியில் நடந்ததைச் சொல்லியிருக்க மாட்டார். அம்மா சொல்ல விடவில்லை. நானோ போனில் ‘ம்’ என்பதற்கு மேல் பேசாதவள். அதனால் எழுதுகிறேன். பேர் வைக்கும் நாளில், உடன்பிறந்தான் இல்லாத லாவண்யா அக்காவின் குழந்தைக்குத் தாய்மாமன் இடத்தில் நீங்கள்தான் வந்து நிற்க வேண்டும். ஆகவே உங்கள் விசா வந்ததும் தயவுசெய்து ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: முடி எடுக்காதீர்கள்.

நினைவிருக்கிறதா மாமா? “படவேட்டு அம்மனுக்கு முடி குடுக்கறேன்னு வேண்டிக்கோக்கா, விசா ஜல்தியா வந்துடும்” என்று அம்மாவிடம் சொன்னது நீங்கள்தான். வந்தும் விட்டது. ஊருக்குத் திரும்பி வந்து கொடுக்கலாமே என்று நான் மெதுவாகச் சொன்னேன். “சாமி கடன வெச்சிகினு கடலத் தாண்டக் கூடாதுடி” என்று அம்மா கிளம்பிப் போய், சந்தனம் பூசிய தலையோடு திரும்பி வந்தார். நம் ஊர் விமான நிலையத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. அங்கே இருந்தவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அம்மாவின் தலையைப் பார்த்தார், “எந்தக் கோயிலும்மா?” என்று கேட்டார், முத்திரை குத்திவிட்டார்.

இங்கே இறங்கியதும் ஆள் இல்லை மாமா, கதவுதான். இடுப்பளவு கண்ணாடிக் கதவு. அதற்கு முன்னால் ஒரு கேமரா, ஆளின் உயரத்துக்கு ஏற்றபடி தானே ஏறி இறங்குகிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துக் கதவு திறந்துவிட்டது. நான் யார் என்று என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமலே தெரிந்துகொண்டது! பேசவே கூசுகிற எனக்கு அது சொர்க்கவாசல்போல இருந்தது. பின்னால் அம்மா வந்தார். பெரிய மனிதர் யாரோ பார்க்கிறார் என்ற மரியாதையில் கேமராவைப் பார்த்துச் சிரித்து, கைகூப்பிக் கும்பிட்டார். கூப்பிய கை முகவாயை மறைத்தது. கையை இறக்கச் சொல்லி இயந்திரம் படம் போட்டுக் காட்டியது. இறக்கினார். பாஸ்போர்ட் படத்தில் நெற்றியில் பாதி வரை இறங்கிய முடி, கடுகடு முகம். இங்கே வழவழத் தலை, வாயெல்லாம் சிரிப்பு. சிவப்பு விளக்கு எரிந்தது. சரி, கைரேகை வை என்றது. நம் வீட்டில் ரேகைக்கு எவ்வளவு பஞ்சம் என்று உங்களுக்கே தெரியும், வருடக்கணக்காகப் பட்டு இழையை விரலில் ஓட்டி ஓட்டி அம்மாவின் விரல் கூழாங்கல் ஆகிவிட்டது. ரேஷன் கடையில் என்ன செய்வார்? கட்டை விரலைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றிவிட்டு வைப்பார், ரேகை விழுந்துவிடும். இங்கேயும் பழக்க தோஷத்தில் விரலைத் தலைக்குக் கொண்டுபோனார். அங்கே முடி இல்லை. விரல் வழுக்கிக்கொண்டு காது வரை போய்விட்டது. அம்மா திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். “குணா, இன்னாடி இது, என் தலையே எனக்கு வேலைக்கு ஆவல!”

ஒரு காவலர் வந்து எங்களைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போனார். அங்கே இருந்த பெண் அதிகாரி திரையைப் பார்த்தார். முகமும் பொருந்தவில்லை, விரலும் பொருந்தவில்லை, இவரைத் திருப்பி அனுப்பும்படி ஆகலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதே நேரத்தில் அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார். அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம், அம்மாவைத்தான் கேட்கிறாள் என்றார். அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. “மூணு வருசம் காலேஜுக்குப் போயி இன்னாத்தடி படிச்ச? வாயத் தொற! அங்க எம் பொண்ணு கத்திகினு கீறா, இங்க நான் நான்தானான்னு பேஜார் பண்ணிகினு கீறாங்க!”

வகுப்பில் ஒருநாளும் கை தூக்காதவள் நான். அட்டெண்டன்ஸுக்கே பக்கத்துப் பெண்தான் எனக்காகக் குரல் கொடுப்பாள். தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தேன். சுவரில் ஓர் அறிவிப்பு இருந்தது. இயந்திரம் மறுத்தால் அதுவே முடிவல்ல. ஒரு மனிதர் நேரில் பார்த்து முடிவு சொல்லும்படி கேட்கப் பயணிக்கு உரிமை உண்டு என்று எழுதியிருந்தது. மாமா, எனக்குக் கண்ணாடிக் கதவைவிட இதுதான் அதிசயமாக இருந்தது. எங்கோ, யாரோ, என் அம்மா ஆதிலட்சுமியை ஒருநாளும் பார்க்காத ஒருவர், இப்படி ஓர் அம்மா விரல் தேய்ந்து வந்து நிற்பார் என்று முன்கூட்டியே யோசித்துச் சட்டம் எழுதி வைத்திருக்கிறார்! நான் கையைத் தூக்கினேன். உண்மையாகவே, வகுப்பில் தூக்குவதுபோல. அறிவிப்பைச் சுட்டிக்காட்டி, “ப்ளீஸ், நீங்கள் பாருங்கள்” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அந்த அதிகாரி திரையை அணைத்தார். எழுந்து வந்தார். பாஸ்போர்ட்டைத் திறந்து, படத்தில் இருந்த முடியைத் தன் கட்டை விரலால் மூடிக்கொண்டு, மிச்ச முகத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா கோபத்தில் முறைத்துக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்த ஆரணி ஸ்டூடியோக்காரர் “சிரிக்காதீங்கம்மா” என்றபோது முறைத்தாரே, அதே முறைப்பு. அதிகாரி சிரித்துவிட்டார். “அதே கோபம்” என்றார். முத்திரை விழுந்தது. இத்தனை கோடி போட்டுச் செய்த இயந்திரத்துக்கு, ஒரு விரலால் முடியை மூடிப் பார்க்கத் தோன்றவில்லை பாருங்கள்.

அம்மா அப்போதும் நகரவில்லை. “அந்தப் பொட்டி என்னக் கேக்காம மொட்டையோட போட்டோ புடிச்சிச்சே, அத யாருக்கும் காட்டக் கூடாதுன்னு சொல்லுடி.” கூசிக் கூசிச் சொன்னேன். அதிகாரி கேலி செய்யவில்லை. நியாயமான கேள்வி என்றார். அந்தப் படத்தை எதற்குப் பயன்படுத்தலாம், எப்போது அழிக்க வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறதாம். ஒரு தாளை எடுத்து நீட்டினார். அம்மாவின் வெட்கத்துக்குக்கூடச் சட்டத்தில் இடம் இருக்கிறது மாமா!

பிரசவ அறைக்கு வெளியே நாங்கள் போய் நின்றபோது நேரம் சரியாக இருந்தது. பேத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தலையில் பேருக்குக்கூட ஒரு முடி இல்லை. அம்மா குழந்தையைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கி வைத்துக்கொண்டு, “பாருடி, எந்த மெசினும் சொல்ல வாணாம், அப்டியே என்ன மாதிரியே கீது” என்றார்.

ஆகவே மாமா, இயந்திரம் ஏமாறலாம், மனிதக் கண் ஏமாறாது. ஆனாலும் சோதித்துப் பார்க்க வேண்டாம். முடியோடு வாருங்கள். முக்கியமாக மீசையோடு. உங்கள் பாஸ்போர்ட் படத்தில் பாதி இடம் மீசைதான். அத்தைக்கு என் வணக்கம். புதுப் பேத்தியின் சார்பில் உங்கள் காலைத் தொட்டு நானே கும்பிட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்,
குணசுந்தரி

பி.கு.: இதை அனுப்பப் போகும் நேரத்தில் அத்தையிடமிருந்து போட்டோ வந்தது. விசா கிடைத்ததற்கு மகிழ்ச்சி. படவேட்டுக் கோயில் வாசலில், மழமழ முகத்தோடு, தலை நிறையச் சந்தனத்தோடு நிற்கிறீர்கள். மீசையையும் சேர்த்தே கொடுத்துவிட்டீர்கள். அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “யாருடி இந்தச் சாமியாரு?” என்று கேட்டார்.