தென்சன்னலும் தாமிரத் தகடும்

வலங்கைமான் வட்டாரத்தில் அந்தச் சித்திரையில் வீடு கட்டிய அன்பர்கள் யாவரும் வாஸ்து வித்தகர் பூதநாதர் அவர்களையே நாடினார்கள் என்பதை மிகுந்த பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். அவர் மந்திரித்த தாமிரத் தகட்டைச் சுவரில் பதித்தால் வீடு ஊட்டியாகிவிடுமாம், மின்விசிறியே வேண்டாமாம். வெளியே நின்ற அவரது காரில் மட்டும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. தகட்டின் மகிமை காருக்கு எட்டவில்லை போலும்.

துரைராசு வீட்டில் அன்று பெருங்கூட்டம். அரசு மானியத்தில் எழும் சிறிய வீடு அது. பாலிடெக்னிக் படித்த ஃபஹ்மிதா சிக்கனமாக வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தாள்: சூடு இறங்காமலிருக்க மண்சட்டிகளைக் கவிழ்த்து வைத்துக் கான்கிரீட் வார்த்த கூரை, தெற்கே பெரிய சன்னல், வடக்குச் சுவரின் உச்சியில் காற்றுத் துளை. மிச்சமிருந்த பணத்தில் சன்னலுக்குக் கம்பியும் கதவும் போடலாம். அல்லது தகடு வாங்கலாம். இரண்டுக்கும் வழியில்லை.

"தெற்கு எமன் திசை! சன்னல் வைக்கிறது, எமனுக்குப் பத்திரிகை வச்சுக் கூப்பிடுற மாதிரி" என்றார் பூதநாதர். துரைராசு அக்கணமே சன்னல் இடைவெளியைச் சாக்கால் மூடினார்.

இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற மனைவி சாவித்திரிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, தகரக் கொட்டகையில கெடந்து புள்ள ஒடம்பெல்லாம் வேர்க்குரு. இங்கயும் காத்த அடைச்சா எங்கங்க படுக்க வைக்கிறது?"

"தகடு இருக்குல்ல? பெரியவங்க சொன்னா கேளு சாவித்திரி."

பூதநாதர் ஊதுவத்தி ஏற்றினார். "ஒரு கைய செவுத்துல வைங்க. இன்னொரு கைய தகட்டுல வைங்க."

"ஆத்தாடி, ஜில்லுங்குதே!" கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவர் குறிக்கும் முகூர்த்தம் எப்போதும் வெயில் ஏறுமுன்பே முடிந்துவிடும் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க, சின்ன சந்தேகம்" என்றபடி ஃபஹ்மிதா, துரைராசுவின் கண்களைத் துண்டால் கட்டினாள். "அண்ணே, ரெண்டு தகடு வைக்கிறேன். அய்யாவோடது எதுன்னு தொட்டுச் சொல்லுங்க."

துரைராசு பயபக்தியோடு தடவிப் பார்த்தார். "இதுதான் தங்கச்சி! அருள் முழங்கை வரைக்கும் ஏறுது!"

கண்கட்டை அவிழ்த்தாள். காலையில் பூதநாதர் இட்லி சாப்பிட்ட எவர்சில்வர் தட்டு.

"எந்த உலோகமும் கைச்சூட்ட சட்டுன்னு இழுத்துக்கும்ணே. அதான் ஜில்லுங்குது. அறை குளிரல."

"அது நான் தொட்ட தட்டு! அதுலயும் சக்தி ஏறிடுச்சு!" என்று பூதநாதர் சமாளித்தார்.

"அப்ப தட்டே போதுங்களே. வீட்ல இன்னும் நாலு கெடக்கு" என்றாள் சாவித்திரி.

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஊதுவத்திப் புகை மட்டும் அசையாமல் செங்குத்தாக நின்றது.

"அண்ணே, போன வாரம் ரோட்டுல உளுந்து தூத்துனீங்களே, காத்து எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள் ஃபஹ்மிதா.

"தெக்கேருந்துதான். காத்து பாக்காம எவனாச்சும் மொறத்தத் தூக்குவானா?" என்ற துரைராசு, சொன்ன பிறகுதான் சாக்கைத் திரும்பிப் பார்த்தார்.

சாவித்திரி அதைப் பிடுங்கி எறிந்தாள். புகை சட்டென்று சாய்ந்தது. அறையைக் கடந்து, வடக்குத் துளை வழியாக வெளியேறியது. சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தை வாயைத் திறந்தபடியே காற்றை வேடிக்கை பார்த்தது. வியர்த்திருந்த பூதநாதரும், எமன் திசையென்று பாராமல், சட்டைப் பொத்தானைத் தளர்த்திச் சன்னல் பக்கமாக நகர்ந்தார்.

"அய்யா, எமன் காத்து எப்படிங்க இருக்கு?" என்றார் துரைராசு.

தகடு காரேறியது. சன்னலுக்குக் கம்பி வந்தது.

அன்பர்களே, உளுந்து தூற்றும்போது காற்றைக் கேட்கிறோம். வீடு கட்டும்போது மட்டும் காரில் வருகிறவரைக் கேட்கிறோம். உளுந்தின்மேல் நமக்குள்ள அக்கறை பெற்ற பிள்ளைகள்மேலும் சற்று இருக்கலாமே என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.