வெல்லத்தின் காதும் என் மூலிகைத் தைலமும்

ஓசூருக்குப் பிழைக்க வந்தவர்களுக்கு முடி கொட்டினால் பழி முழுக்கப் போர் தண்ணீர்மேல்தான் விழும். என் தலையும் அந்தக் கணக்கில்தான் காலியாகிக்கொண்டிருந்தது. (என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஊத்தங்கரைத் தண்ணீரிலேயே வழுக்கை விழுந்துவிட்டது என்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை.)

கல்யாணமாகி வந்தபோது என் மனைவி செல்வி, கட்டில், பீரோ, கிரைண்டரோடு ஒரு முயலையும் கொண்டுவந்தாள். பாரூரில் அவள் கையில் வளர்ந்த பெண் முயல். நல்ல மண்டை வெல்ல நிறம் என்பதால் பெயரே வெல்லம். ஆனி மாதக் கடைசியில் வெல்லம் அடிக்கடி தலையை உதறவும் பின்னங்காலால் காதைச் சொறியவும் தொடங்கியது. காதுக்குப் பின்னால் முடி கொட்டி, ரோஸ் நிறத்தில் தோல் தெரிந்தது.

"ஏங்க, டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துரலாங்க. ஆடிக்குக் கூப்பிட அப்பா சனிக்கெழம வர்றாரு. அதுக்குள்ள சரியாவலன்னா இதையும் தூக்கிட்டுப் போயிருவேன். முடி மொளச்சப்பறந்தான் திரும்பி வருவேன், ஆமா" என்றாள்.

ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் வழக்கத்தை நினைத்தே நான் உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தேன். இதில் முடி முளைக்கும்வரை வேறா? என் தலையை வைத்துக் கணக்குப் போட்டால் அவள் திரும்பி வரவே போவதில்லை.

"டாக்டரெல்லாம் எதுக்கு? நான் பாத்துக்கறேன்" என்றேன்.

நான் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தர ஆய்வாளன். எங்கள் ஆலையில் எது பழுதானாலும் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்போம். ஐந்தாவது பதில்தான் மூல காரணம். அதையே வெல்லத்துக்கும் கேட்டேன். முடி ஏன் கொட்டுகிறது? சொறிவதால். ஏன் சொறிகிறது? தோல் வறண்டதால். ஏன் வறண்டது? தண்ணீர் மாறியதால். ஏன் மாறியது? பாரூரை விட்டு ஓசூருக்கு வந்ததால். ஏன் வந்தது? செல்வி என்னைக் கட்டிக்கொண்டதால். மூல காரணமாக நானே வந்து நின்றதால், கடைசி இரண்டு கேள்விகளையும் ரத்துசெய்துவிட்டுத் தண்ணீர்தான் குற்றவாளி என்று தீர்ப்பெழுதினேன்.

சனிக்கிழமை எனக்கு இரண்டாம் ஷிப்ட். காலையில் செல்வி காய்கறி வாங்கக் கிளம்பியதும் என் தலைக்கு வைத்திருந்த மூலிகைத் தைலத்தை எடுத்தேன். வெல்லத்தை மடியில் போட்டுக் காது முதல் வால் வரை தேய்த்தேன். அது கடிக்கவில்லை, பிறாண்டவில்லை. அவ்வளவு வலியை வைத்துக்கொண்டு எப்படித்தான் பொறுத்துப் போனதோ! என் மடியில் நான் கிடந்திருந்தால் நிச்சயம் கடித்திருப்பேன்.

அந்த நேரம் பார்த்து மாமனார் வந்துவிட்டார். பாரூர் விவசாயி, மகள் வீட்டுக்கு என்று சலவை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து நலம் விசாரித்தார். பழகிய குரலைக் கேட்டதும் வெல்லம் என் கையிலிருந்து வழுக்கிப் பாய்ந்து அவர் மடியில் ஏறியது. ஏறியதும் தலையை ஓர் உதறு உதறியது. வேட்டி, சட்டை, மீசை எல்லாம் தைலம்.

அவர் மீசையைத் துடைத்து மோந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, மசாலா தடவியாச்சு போல? வறுவலா, கொழம்பா?"

பையோடு உள்ளே வந்த செல்வி எங்கள் மூவரையும் பார்த்தாள். கத்தவில்லை. என் சட்டைப் பையிலிருந்த டார்ச்சை உருவி, தரையில் உட்கார்ந்து, வெல்லத்தின் காதுக்குள் அடித்தாள். உள்ளே பழுப்பு நிறத்தில் பொருக்கு அடுக்கடுக்காகப் படிந்திருந்தது.

நாள் முழுக்க இரும்புத் துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பிசிறு தேடுவதுதான் என் பிழைப்பு. வீட்டில் அத்தனை நீளமாக இரண்டு காதுகள் இருந்தும் ஒன்றிலும் நான் எட்டிப் பார்க்கவில்லை. செல்விமேல் எனக்கு மரியாதை வந்தது அன்றுதான். (காதல் ஏற்கெனவே இருந்தது.)

ஆட்டோ பிடித்து பாகலூர் ரோட்டிலிருந்த கால்நடை டாக்டரம்மாவிடம் ஓடினோம்.

"காதுக்குள்ள பூச்சிங்க. கண்ணுக்கே தெரியாது. சொறிஞ்சு சொறிஞ்சு முடியும் போயிருக்கு. பொருக்கப் பிய்ச்சிராதீங்க, ஊசி போட்டா தானா உதிர்ந்துரும். ரெண்டு வாரம் கழிச்சு இன்னொண்ணு போடணும்" என்றவர், தன் கையில் ஒட்டிய பிசுக்கைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "எண்ணெ யாரு தடவுனது?"

எனக்கு உயிரே போய்விட்டது. மாமனார் அசராமல் சொன்னார்: "எங்க வீட்டு வழக்கங்க. சனிக்கெழமன்னா எல்லாரும் எண்ணெ தேச்சிக்குவோம்."

"அது ஆம்பளைங்களுக்குத்தானே? இது பொண்ணாச்சே!"

"மாப்ள புதுசுங்க. இன்னும் வெவரம் பத்தல."

ஒரே வாயால் என்னைக் காப்பாற்றி, அதே வாயால் கவிழ்த்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

செல்வி வெல்லத்தோடு பாரூர் போனாள். இரண்டாவது ஊசிக்குப் போச்சம்பள்ளி கால்நடை ஆஸ்பத்திரிக்கு அவளே தூக்கிப்போய் வந்தாள். ஆடி முடிந்து வாசலில் ஆட்டோ நின்றபோது, கூடைக்குள்ளிருந்து மெத்தென்று முடி மூடிய இரண்டு காதுகள் எட்டிப் பார்த்தன. சொன்ன வாக்கு தவறாமல் செல்வியும் இறங்கினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் தலை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. மாமனார் வீட்டு விருந்தில் இலை போட்டதும் யாராவது ஒருவர் "வறுவலா, கொழம்பா?" என்று என்னைப் பார்த்துக் கேட்காமல் பந்தி தொடங்காது.

நேற்று மிக்ஸி ஓடவில்லை. "ஏன்..." என்று நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி டார்ச்சை என் கையில் வைத்தாள். அடித்துப் பார்த்தேன். ப்ளக்கே சொருகவில்லை.