வீடு நிம்மதியாக இருக்கிறது

“தம்பி, வாழ்த்து அட்டையில பாதி வரிதான் அச்சாகுது!” என்று பூக்கடைக்காரம்மா போனில் அலறினார்.

போனை எடுத்தவர் அந்தக் கடைக்கு சாப்ட்வேர் எழுதிக் கொடுத்தவர். பூங்கொத்தோடு போகும் வாழ்த்துகள் எக்ஸ்எம்எல் என்ற கணினிக் கோப்பாக வரும். அவருடைய நிரல் அதைப் படித்து அச்சிடும். காலையில் அவரே தன் மனைவிக்கு ஒன்று அனுப்பியிருந்தார். முந்தின நாள் அவள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கோபம்தான், வேறென்ன? போனில் பேச மனிதருக்குத் தைரியமில்லை.

“என் அட்டையில என்னம்மா வந்துச்சு?”

“‘நீ போனதிலிருந்து வீடு நிம்மதியாக இருக்கிறது.’ கொடுத்தாச்சு.”

“ஐயோ! ‘என்று பொய் சொல்ல மாட்டேன். திரும்பி வா’ன்னு மீதி இருக்கே!”

மனைவி மனதில் பதியட்டும் என்று, ‘என்று பொய் சொல்ல மாட்டேன்’ என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார். தடித்த எழுத்துக்குக் கோப்பில் தனிக் குறி உண்டு. அந்தக் குறியைக் கண்டதும் நிரல் படிப்பதை நிறுத்திவிட்டது. குறிக்குள் இருப்பதையும் படிக்கும்படி அவசர அவசரமாகத் திருத்தி, இன்னொரு பூங்கொத்து அனுப்பச் சொன்னார்.

“இப்ப?”

“‘என்று பொய் சொல்ல மாட்டேன்.’ அது மட்டும்தான் தம்பி. கொடுத்தாச்சு.”

புதிதாகப் படித்தது பழையதை அழித்திருந்தது; குறி முடிந்ததும் படிப்பும் நின்றிருந்தது. தனி அட்டையில் படித்தால், முதல் அட்டையில் எழுதியது பொய்யில்லை என்று அடித்துச் சொல்வதுபோல இருந்தது; அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மூன்றாவது முறை, எதையும் அழிக்காமல் கடைசிவரை சேர்த்துக்கொண்டே போகும்படி நிரலைத் திருத்தினார். நிரலும் சொன்ன பேச்சைத் தட்டாமல், முந்தைய வாடிக்கையாளர் எழுதியதையும் சேர்த்துக்கொண்டது.

“முழுசா வந்துடுச்சு தம்பி! ‘ஆழ்ந்த அனுதாபங்கள். நீ போனதிலிருந்து வீடு...’”

“அதை ஏம்மா கொடுத்தீங்க!”

“முழுசா இருந்துச்சே!”

இனி நிரலை நம்பிப் பிரயோஜனமில்லை. அவள் இல்லாத வீட்டில் அவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

அக்கா வீட்டுக் கூடத்தில் மூன்று பூங்கொத்துகள். நடுவில் மனைவி, கையில் மூன்று அட்டைகளுடன்.

“முழுசா நானே சொல்லிடறேன்,” என்றார் மூச்சிரைக்க. “நீ இல்லாம அது வீடாவே இல்ல. தப்பெல்லாம் என்னோடதுதான். கோபத்தை விட்டுட்டு வந்துடும்மா.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்கு என்னங்க கோபம்?” என்றாள்.

கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளறைக்குப் போய்க்கொண்டிருந்த அக்கா கணவர் நின்று திரும்பினார்.

“‘அக்கா வீட்டுக்குப் போறேன், அவளுக்குக் காய்ச்சல், ரெண்டு நாள்ல வந்துடறேன்’னு அவ உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே வந்தா... உங்க காதுல பாதிதான் விழுந்துச்சா சகலை?”